கரைப்பக்கம் திரும்பிய ஏவுகணை

1994 ஜூலை, வெள்ளி இரவு

சாயங்காலம் ராகவன் எங்கள் கோட்டூர்புரம் வீட்டுக்கு வந்தான். ராணுவத்துக்கான புதிய நெடுந்தூர ஏவுகணையில், வழிகாட்டும் கருவி அவனுடைய பல வருட உழைப்பு. செவ்வாய்க்கிழமை சோதனையில் அது பாதை விலகிக் கரைப்பக்கம் திரும்பியது. வானிலேயே வெடிக்க வைக்கும் பொத்தான் என் பொறுப்பில் இருந்தது. அழுத்திவிட்டேன்.

என் மனைவி கமலா கொடுத்த காபியை அவன் வாயில் வைக்கவே இல்லை.

"பதிவெல்லாம் பாத்துட்டேன்டா. நீ அழுத்தறதுக்கு முன்னாடியே அது சரியான பாதைக்குத் திரும்ப ஆரம்பிச்சிருக்கு."

"என் திரையில அது தெரியலையே."

"தெரிஞ்சிருக்காது. கொஞ்சம் பொறுத்திருக்கலாம்."

"கரையில மீனவர் குப்பம் இருக்கு, ராகவா."

"அங்க எல்லாரையும் காலி பண்ணிட்டாங்களே."

"எல்லாரும் போனாங்களான்னு உனக்குத் தெரியுமா?"

அவனுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது.

மறுபடி அப்படி நடந்தாலும் அழுத்தத்தான் செய்வேன் என்றேன். அவன் கோபப்படவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டே, "அடுத்த சோதனையிலயும் அந்த நாற்காலில நீயே உக்காரு. வேற யாரும் வேணாம்" என்றான்.

அவன் ஸ்கூட்டர் தெருமுனை திரும்பும்வரை வாசலில் நின்றேன். கண் சொருகுகிறது.