மணிக்கூண்டுக்கு முன்னால் எஸ்தர்

1934 ஜூன் 18, திங்கள்

விடியுமுன்னே மழை. ஸ்டூடியோ முழுக்க ஈரம், படங்கள் காயவில்லை. கல்லூரி பிரின்சிபால் வந்தார். விவரப் புத்தகத்துக்கு அட்டைப்படம் வேண்டுமாம். இனிக் கடிதத் தாளிலும் விளம்பரத்திலும் அதே படம்தான். மணிக்கூண்டு, மலை, மாணவர் கூட்டம் - மூன்று படங்களை வெட்டி ஒரே அட்டையில் ஒட்டி, அதை மறுபடி படம் எடுக்க வேண்டும். வெட்டுவது என் பாடு, காமிரா என் வீட்டுக்காரர் பாடு.

"முன்னால எஸ்தர் நிக்கட்டும்," என்றார் பிரின்சிபால். பி.ஏ. வகுப்பில் ஒரே பெண். இரணியல்காரி, தகப்பன் இல்லை.

மண்ணெண்ணெய் தீர்ந்துவிட்டது.

ஜூன் 20, புதன்

லேசான வெயில். கூட்டப் படத்திலிருந்து எஸ்தரைப் பெரிதாக்கி, காதோரம் வெட்டும்போது மூச்சுவிடவில்லை. ஒட்டியதும் கட்டடமே அவளுக்கு வழிவிட்டு நின்றது. அவளும் வந்து பார்த்தாள். ஒரு பிரதி கேட்டாள், கொடுத்தேன்.

மீன்காரியிடம் சாளை மட்டும்.

ஜூன் 25, திங்கள்

எஸ்தரின் தாய்மாமன். வாசலிலேயே சத்தம்.

"எங்க பிள்ளையை ஊரு பாக்க அட்டையில ஒட்டுவியளோ? மாப்பிள்ளை வீட்டுக்குப் படம் போயிருக்கு. கல்யாணமே வேண்டாம்னுட்டாவ! இனி அவ காலேஜ் படி ஏற மாட்டா!"

கல்யாணம் நிச்சயமானதே எனக்குத் தெரியாது. படம் எப்படிப் போனது? அச்சகத்துக்குக் கொடுத்த மாதிரிப் பிரதியா?

"அவளை எடுத்திரு. ஒரு பையனை ஒட்டு," என்றார் வீட்டுக்காரர். நனைத்து உரித்தேன். தலைமுடி ஓரம் கிழிந்தது.

ஜூன் 26, செவ்வாய்

எஸ்தர். தனியாக, குடை சொட்டச் சொட்ட.

"என்னை எடுத்தாச்சா அக்கா?"

"எடுத்தாச்சு மக்கா. அந்தப் படத்தை அங்க அனுப்பினது எந்தப் பாவியோ."

"நான்தான். அஞ்சல்ல போட்டேன்."

அவள் குடையை வாங்கி மூலையில் சாய்த்தேன்.

"கல்யாணம் முடிஞ்சா படிப்பு கிடையாதுன்னாவ. நான் வேண்டாம்னு சொன்னா யாரு கேக்கா? அவியளே வேண்டாம்னு சொல்லட்டும்னு நினைச்சேன். மாமா படிப்பையே நிறுத்துவாருன்னு நினைக்கல்லியே அக்கா."

இந்தச் சின்னப் பெண்ணுக்கு இவ்வளவு நெஞ்சா?

ஜூன் 28, வியாழன்

மழை விடவில்லை. முதல் பஸ்ஸில் எஸ்தரின் அம்மா, கூடவே எஸ்தர். வீட்டுக்காரர் இருட்டறைக்குள் நழுவிவிட்டார். திட்டு வாங்க நான் தயார்.

"படம் எங்க?"

உரித்த துண்டையும் மணிக்கூண்டுப் படத்தையும் மேசையில் வைத்தேன். அந்த அம்மாள் வெகுநேரம் பார்த்தாள். எஸ்தர் தலை நிமிரவில்லை.

"எல்லாம் சொல்லிட்டா. அண்ணன்கிட்ட நான் பேசிக்கிடுதேன். நாளைக்கு இவ வகுப்புக்குப் போவா."

பிறகு படத்தில் விரல் வைத்து, "முந்தானை ஒதுங்கிக் கெடக்கே. மறுபடி ஒட்டும்போது இதைக் கொஞ்சம் நேராக்க முடியுமா?"

ஆகட்டும் என்று தலையாட்டினேன். எஸ்தர் அப்போதுதான் வாய்விட்டு அழுதாள்.

புதுப் பிரதி போட வேண்டும். பசை காய்ச்ச வேண்டும்.