சீட்டு மாறிய கப்பல் பாட்டு

ஆர்மோனியத்தைத் தொட்டாலே கையைத் தட்டிவிடும் என் சூசை அண்ணனுக்கு,

கப்பல் பாட்டு முடிந்துவிட்டது அண்ணே. எட்டுப் பாட்டும் கேசட்டில் ஏறிவிட்டன. முதல் கேசட்டை உன் படத்துக்கு முன்னால் வைத்திருக்கிறேன். போட்டுக் கேட்கத்தான் பயமாக இருக்கிறது. ஏன் என்று சொல்கிறேன், பொறு.

எத்தாசிவில் ஆபீசில் பிறப்பு இறப்பு எழுதுகிற வேலை உனக்கு. எழுதினோமா வந்தோமா என்று இருந்திருக்கலாம். பிரெஞ்சுக்காரன் காலத்து ஏட்டைப் புரட்டி, நம் துறைமுகத்திலிருந்து தீவுகளுக்குக் கரும்பு வெட்டக் கப்பலேறிய இருபத்தோரு பேரைக் கண்டுபிடித்தாய். "பொறந்தது எழுதியிருக்கு பிலோமி. செத்தது எழுதல. அப்ப இவங்கல்லாம் எங்க இருக்காங்க?" என்றாய். சோற்றில் கை வைத்துக்கொண்டு கேட்கிற கேள்வியா அது? அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அவர்களுக்காகப் பாட்டுக் கட்டி, எந்தக் கேசட் கம்பெனி வாசலையும் மிதிக்காமல் நாமே கேசட் போடுவோம் என்று ஆள் சேர்த்தாய். மாதா கோயில் பாடகர் குழுவிலிருந்து ஆறு வயலின், அதில் நான் ஒருத்தி. சாவு ஊர்வலத்துக்குப் போகிற பேண்டு செட்டிலிருந்து இரண்டு கிளாரினெட், ஒரு டிரம்பெட். சுரக்குடியிலிருந்து ஒரு தவில். கிளிஞ்சல்மேட்டிலிருந்து பாடுவதற்கு நான்கு பெண்கள். மொத்தம் பதினாலு பேர். நடவுப் பாட்டும் வலை இழுக்கிற பாட்டும் வயலினோடு சேர்ந்து எழும்பியபோது, பள்ளிக்கூட ஹாலுக்கு வெளியே சைக்கிளை நிறுத்திவிட்டு ஆட்கள் கேட்டார்கள்.

ஒத்திகைக்கு முன்னால் சட்டைப் பையிலிருந்து சீட்டை எடுத்துப் பெயர் கூப்பிடுவாய். "இருக்கேன்" என்று சொல்ல வேண்டும். நான் எப்போதும் லேட். நான் பதில் சொல்வதற்குள் நீ அடுத்த பெயருக்குப் போயிருப்பாய். கடைசிப் பாட்டையும் அப்படியே கட்டினாய். கப்பலேறியவர்களின் பெயர்களை நீ ஒவ்வொன்றாகக் கூப்பிட, நாங்கள் அவர்களுக்காக "இருக்கேன்" என்று பாட வேண்டும்.

அதோடு விட்டாயா? கல்லறைத் திருநாள் வந்தது. வீட்டுக்கு வீடு செத்தவர்கள் பெயரைச் சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள், சாமியார் பூசையில் வாசிக்க. "கப்பலேறின இந்தப் பாவப்பட்டதுங்களுக்கு யாரு மெழுகுதிரி ஏத்துவா?" என்று நீயும் ஒரு சீட்டை மடித்துக் கொடுத்தாய். ஒரே சட்டைப் பையில் இரண்டு சீட்டு வைத்திருந்தாயே, கொடுக்கும்போது பிரித்துப் பார்க்கக் கூடாதா?

சாமியார் வாசித்தார். முதல் பெயர் கிளாரினெட் மரியான் அண்ணன். அவர் எனக்கு இரண்டு வரிசை முன்னால் முழங்காலில் இருந்தார். கிளிஞ்சல்மேட்டு அஞ்சலை அக்கா பெயர் வந்ததும், இது வேதக்காரப் பெயர் இல்லையே என்று கோயிலில் தலைகள் திரும்பின. என் பெயர் வந்தபோது, பழக்க தோஷம், என் வாய் "இருக்கேன்" என்று முணுமுணுத்துவிட்டது. பக்கத்தில் இருந்தவள் தன் முந்தானையை இழுத்துக்கொண்டு தள்ளி உட்கார்ந்தாள்.

பதினாலு பேரையும் செத்தவர்களாக்கி ஆன்ம இளைப்பாற்றிக்கு மன்றாடினார்கள். சீட்டு எழுதியவன் தன் பெயரை எழுதுவானா? உன் பெயர் மட்டும் அதில் இல்லை.

அடுத்த ஒத்திகையில், சாமியாரிடம் திருப்பி வாங்கி வந்த அதே சீட்டை எடுத்து நீ பெயர் கூப்பிட்டாய். ஒருவரும் வாய் திறக்கவில்லை. "என்ன, எல்லாரும் போய்ட்டீங்களா?" என்று நீ மட்டும் சிரித்தாய். தவக்காலம் பிறந்த வாரத்தில் கோவில்பத்து பஸ் நிறுத்தத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த நீ எழுந்திருக்கவே இல்லை. பெயர் வாசிக்கப்பட்ட நாங்கள் பதினாலு பேரும் கல்லுக்குண்டாட்டம் இருக்கிறோம். இது என்ன நியாயம் அண்ணே?

ஏழு பாட்டோடு நிறுத்திக்கொள்ளலாம் என்றார் மரியான் அண்ணன். "நம்ம பேரெல்லாம் வாசிச்சாங்க. வாசிக்காத ஆளத் தூக்கிட்டுப் போயிருச்சு. இப்ப அந்தப் பேருங்கள வேற கூப்பிடணுமா? வேணாம் தங்கச்சி." நான் கெஞ்சினேன், கத்தினேன். அந்தப் பாட்டு இல்லாவிட்டால் நீ எதற்காக அலைந்தாய்? கடைசியில் அஞ்சலை அக்காதான் எழுந்தது. "கூப்புடாம வுட்டதாலதான் அதுங்க நிக்குதுங்க. ஒரு தரம் கூப்ட்டுப் பதில் சொல்லி அனுப்பிருவோம், வாங்க."

போன வாரம், பட்டப்பகலில், கதவை எல்லாம் அடைத்துக்கொண்டு பதிவு செய்தோம். உன் இடத்தில் நின்று நான் கூப்பிட்டேன். இருபத்தோரு பெயருக்கும் பதில் வந்தது. முடிந்ததும், சீட்டில் இல்லாத பெயர் ஒன்று என் வாயில் வந்துவிட்டது. "சூசைராஜ்."

யாரும் பதில் சொல்லவில்லை. சொல்ல யாருக்குத் துணிச்சல் வரும்? அப்போது, மூலையில் மூடிக் கிடந்த உன் ஆர்மோனியத்திலிருந்து மெல்லிசாக ஒரு சுரம் எழுந்தது. ஒரு மூச்சு நேரம் இருந்துவிட்டு அடங்கியது. தவில்காரர் கோலைக் கீழே போட்டுவிட்டார். "துருத்தியில காத்து மிச்சம் இருந்திருக்கும், வெட்டிரலாம்" என்றார் ரிக்கார்டிங் செய்தவர். நீ போனதிலிருந்து திறக்காத பெட்டியில் ஏது காற்று?

வெட்டக் கூடாது என்று சொல்லிவிட்டேன். கேசட்டில் அது இருக்கிறது. நீதானா அண்ணே? இல்லை, அந்த இருபத்தோரு பேரில் யாராவதா?

கல்லறைத் திருநாள் நெருங்குகிறது. இந்த வருஷம் சீட்டை நான்தான் கொடுப்பேன், பிரித்துப் பார்த்துத்தான் கொடுப்பேன். இருபத்தோரு பேரையும் எழுதிவிட்டேன். அதன்கீழே உன் பெயரை எழுத மூன்று நாளாகக் கை வரவில்லை. அழுகைதான் வருகிறது. ஆனாலும் எழுதிவிடுவேன், இது சத்தியம்.

அங்கே நீ சும்மா இருக்க மாட்டாய், ஆள் சேர்த்துக்கொண்டிருப்பாய் என்று தெரியும். எங்கள் சீட்டு இன்னும் உன் பையில்தான் இருக்கும். என் பெயரைக் கூப்பிட்டால், பதில் வரவில்லை என்று அடுத்த பெயருக்குப் போய்விடாதே, அண்ணே. வழக்கம்போல லேட்டாகத்தான் வருவேன். ஆனால் வந்ததும் சொல்வேன்.

இருக்கேன் அண்ணே,
உன் தங்கச்சி பிலோமினா