ஆத்தாவின் பூசையில் பிரேசில் பாட்டு

அன்புள்ள தம்பிச் சாமியாருக்கு,

முதலில் என் வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். ஆத்தாவின் முதலாண்டு நினைவுப் பூசையில், நீ பிரேசிலிலிருந்து பாடி அனுப்பியதை ஸ்பீக்கரில் போட்டார்கள். ஒரு வார்த்தையும் புரியவில்லை. ஏதோ மன்றாட்டு என்று நினைத்து முழங்காலில் விழுந்தேன். என்னைப் பார்த்து ஆவூர்ப் பெண்கள் அத்தனை பேரும் விழுந்தார்கள். எதிர்வீட்டு அடைக்கலமேரி மூக்கைச் சிந்திய சத்தத்தில் உன் குரலே அமுங்கிப்போனது.

பாட்டு முடிந்த பிறகுதான் பங்குச் சாமியார் உன் குறிப்பை வாசித்தார்: "இது எங்கள் பிரேசிலின் ஆறுகளையும் செம்மண்ணையும் போற்றும் பாட்டு."

அடைக்கலமேரி என் காதைக் கடித்தாள். "ஏங்க்கா, எவன் ஊரு ஆத்துக்காகவா இம்புட்டு நேரம் அழுதோம்?"

எரிகிறதடா எனக்கு! "நானே வந்து பூசை வைக்கிறேன் ஆத்தா" என்று அவள் கையைப் பிடித்துச் சொன்னவன் நீ. அடக்கத்துக்கும் வரவில்லை, இதற்கும் வரவில்லை, பாட்டு மட்டும் வருகிறது. பன்னிரண்டு வருஷத்தில் அது எப்படி உன் நாடாயிற்று? ஆவூர்ச் செம்மண் என்ன பாவம் செய்தது? அதில்தானே ஆத்தா கிடக்கிறாள்? கல்லறையில் புல் மண்டிவிட்டதாம், அடைக்கலமேரி சொன்னாள். பெற்றவளையும் பிறந்த மண்ணையும் விட்டுப் போனவனுக்குப் பாட்டு ஒரு கேடா?

இப்படிக்கு,
முட்டி வீங்கிய உன் அக்கா

பி.கு.: பதிலை ஆவூருக்குப் போடாதே. வீட்டைப் பூட்டிவிட்டு அம்பத்தூருக்கு மகளிடம் வந்து எட்டு மாதமாகிறது. அன்றைக்கும் பூசை முடிந்ததும் முதல் பஸ்ஸில் திரும்பிவிட்டேன்.