குதிகாலில் ஏறிய கொக்கி

ஏங்க,

சாப்பாடு அடுப்பு மேல மூடி வச்சிருக்கேன், சூடு பண்ணிக்குங்க.

பித்தளைத் தகட்டுலேர்ந்து குட்டிக் குட்டிப் பாகமா நறுக்கி உங்க பொம்மை ராணுவ டாங்க்ல ஒட்டுறீங்களே (ஆமா, பொம்மைதான், மாடல்னு திருத்த வேணாம்), அதுல ஒரு கொக்கி தெறிச்சு விழுந்ததுக்காகப் போன வாரத்துலேர்ந்து என்னை வீடு பெருக்கவே விடல. நான் புருவம் எடுக்குற சாமணத்துலயும் பசையை அப்பி நாசம் பண்ணியாச்சு. தரையில படுத்து டார்ச் அடிச்சு அதைத் தேடினீங்களே, அதுல பாதி அக்கறையா என் முகத்தை என்னைக்காவது பாத்திருக்கீங்களா?

கொக்கி கிடைச்சிருச்சு. காலையில என் குதிகால்ல ஏறிடுச்சு. பிடுங்கி, இந்தச் சீட்டுலயே டேப் போட்டு ஒட்டியிருக்கேன். ஊசி போட்டுக்க டாக்டர்கிட்ட போறேன்.

பி.கு: போன் பண்ணினா, கொக்கி வளைஞ்சிருக்கான்னு முதல்ல கேட்காதீங்க.

அது வளையவே இல்ல. ரத்தத்தைத் துடைச்சுப் பாத்துட்டுதான் ஒட்டினேன்.