மூன்றாம் தேதித் தலைவலி

மார்ச் 3, செவ்வாய்

'எம்' (M) எழுத்தில் முப்பத்தொரு சொற்கள் சரிபார்த்தேன். ஆங்கில அகராதியின் புதுப் பதிப்புக்கு இன்னும் ஒன்பது மாதம்தான். இந்த வேகம் போதாது. ஓய்வு பெற்றவனுக்கும் வேலை தருகிறார்களே என்று மகிழ்வதா, என் மந்தத்தைப் பொறுத்துப்போகிறார்களே என்று கூசுவதா? அலுவலகத்தில் எனக்கு ஆமை என்று பெயர். அது தெரிந்த நாளிலிருந்து, "ஆமை புகுந்த வீடுன்னு சும்மாவா சொன்னாங்க" என்பாள் மனைவி.

காலை 10.20. ஈரப் போர்வையைப் பிழிந்துகொண்டிருந்தவள் பிடரியைப் பிடித்தபடி வந்து உட்கார்ந்தாள். யாரோ பின்னாலிருந்து கட்டையால் அடித்த மாதிரி இருக்கிறதாம். ஒரு தடவை வாந்தி. மாத்திரை கொடுத்தேன். டாக்டரிடம் போகலாமா என்றேன்.

"கையில இருக்கறத முடிங்க முதல்ல. உங்க அகராதியில தலைவலிக்கு நேரா என் பேரத்தானே போட்டிருக்கீங்க?"

சிரித்தேன். வேலையை முடித்தேன். மாலையில் மகள் போனில் விசாரித்தபோது எல்லாரும் சுகம் என்றேன். சின்ன விஷயத்துக்கெல்லாம் பதறுகிறேன் என்று போன மாதம்தான் கோபித்துக்கொண்டாள்.

மார்ச் 5

கழுத்து விறைப்பு என்கிறாள். தலையணையை மாற்றிப் போட்டேன். இருபத்தாறு சொற்கள்.

மார்ச் 8, ஞாயிறு

விழுந்துவிட்டாள். சமையலறையில். 7.50.

மார்ச் 9

நடந்ததை வரிசையாக எழுதிவிட வேண்டும். வரிசை இருந்தால் கொஞ்சம் மூச்சு விடலாம்.

ஆம்புலன்ஸ் 8.25க்கு வந்தது. ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். மூளையில் ஒரு ரத்தக் குழாய் வெடித்திருக்கிறது. 'சப்அரக்னாய்டு' ரத்தக் கசிவு என்றார் பணியிலிருந்த இளம் டாக்டர். அரக்னாய்டு என்பது மூளையைச் சுற்றிய உறை. அதற்கு அடியில் ரத்தம். முன்னால் எப்போதாவது திடீர்த் தலைவலி வந்ததா என்று கேட்டார். மகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இல்லை என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? யோசித்துச் சொன்ன பொய்யில்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது. எழுபத்திரண்டு வயதில், பள்ளிக்கூடத்தில் பிரம்பைப் பார்த்த பையன் மாதிரி.

இன்று அறுவை நடந்தது. குழாயை அடைத்துவிட்டார்கள். முடிந்ததும் அறுவை மருத்துவர் எங்களை உட்கார வைத்து விளக்கினார். கண்டம் இன்னும் தாண்டவில்லை. முதலில் கசிந்த நாளை ஒன்று என்று வைத்தால், நாலாவது நாளிலிருந்து பதினாலு வரை மூளைக்குப் போகும் குழாய்கள் சுருங்கலாம். சுருங்கினால் கை கால் பேச்சு எது வேண்டுமானாலும் போகும். "எட்டாம் தேதி நாள் ஒண்ணு. பதினொண்ணுல இருந்து தினமும் குழாய்கள ஸ்கேன்ல பாப்போம்." கட்டிலின் தலைமாட்டுப் பலகையில் 'நாள் 2' என்று எழுதியிருக்கிறது.

நாள் 7. மூன்றாம் தேதியிலிருந்து எண்ணினால் இன்று நாள் 7.

மார்ச் 10

கண் திறந்தாள். என்னைப் பார்த்து, "சாப்டீங்களா?" என்றாள். குரல் தேய்ந்திருந்தது, ஆனால் அவள்தான்.

மருத்துவரிடம் சொல்லிவிட இரண்டு முறை எழுந்தேன். முதல் முறை மகள் கூடவே வந்தாள். இரண்டாம் முறை அவர் அவசரமாக நடந்துகொண்டிருந்தார். அவர் நின்றிருந்தால் சொல்லியிருப்பேனா? தெரியவில்லை. ஒன்று மட்டும் கேட்டேன் — ஏன் சார் அரக்னாய்டுன்னு பேர்? நடந்தபடியே சொன்னார்: "திறந்து பாத்தா தெரியும். ஒட்டடை மாதிரி நூல் நூலா இருக்கும். அதுக்கு நடுவுல தெளிஞ்ச நீர் ஓடணும். இவங்களுக்கு ரத்தம்."

மாற்றுப் புடவை எடுக்க வீட்டுக்கு வந்தவன் அலமாரியைத் திறந்து அந்தச் சொல்லுக்கான பழைய அகராதிச் சீட்டைத் தேடி எடுத்தேன். இருபத்தெட்டு வருடத்துக்கு முன் நான் எழுதியது. பெயரடை. கிரேக்க மொழியில் சிலந்தி என்ற சொல்லிலிருந்து. ஒன்று: ஒட்டடை போன்ற. இரண்டு, தாவரவியலில்: பின்னிய மெல்லிய மயிர்கள் மூடிய. மூன்று: மூளையின் மூன்று உறைகளில் நடு உறையைச் சார்ந்த. சொல்லின் வரலாற்றை அதில் குறிப்பிடவில்லை, ஆகவே புத்தகங்களைப் புரட்டினேன். பழைய கிரேக்க வைத்தியர்கள் இதைக் கண்ணுக்குள் இருக்கும் ஒரு மெல்லிய படலத்துக்குச் சொன்னார்கள். பதினேழாம் நூற்றாண்டில்தான் மூளையின் உறைக்கு அந்தப் பெயர் நிலைத்தது. விண்கலங்கள் ராடாரில் வெள்ளிக் கோளைப் படம் பிடித்த பிறகு அங்கே தெரிந்த வட்ட வட்டமான வெடிப்புகளுக்கும் இதே பெயர். அது என் சீட்டில் இல்லை. சேர்த்தேன். எழுத்து அழகாகக்கூட வந்தது.

நிமிர்ந்தபோது இரண்டு மணி நேரம் போயிருந்தது. அங்கே பலகையில் 'நாள் 3'.

ஒரு சொல்லுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டிருக்கிறேன். வேறென்ன சொல்ல.

மார்ச் 11

காலையில் நன்றாக இருந்தாள். மதியம் 12.40க்குத் தண்ணீர் டம்ளரை வாங்கக் கை நீட்டினாள். வலது கை வரவில்லை. வரவில்லை என்பது அவளுக்கே புரியவில்லை, கையையே பார்த்தாள். என்னைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வந்தாள் — சத்தம்தான் வந்தது.

ஓடினேன். இந்த முட்டிவலிக் காலை வச்சுக்கிட்டு ஓடினேன். மூணாம் தேதி சார், மூணாம் தேதியே வலிச்சுது, நான்தான் சொல்லல, நான்தான். மகள் பக்கத்தில் நின்றிருந்தாள்.

மருத்துவர் திட்டவில்லை. பலகையில் 4 ஐ அழித்து 9 என்று எழுதினார். உடனே உள்ளே கொண்டுபோனார்கள். மாலையில் நானாகப் போய்க் கேட்டேன், முன்பே சொல்லியிருந்தால் என்று. "தடுத்திருப்போம்னு சொல்ல மாட்டேன், சார். ஆனா வந்த அன்னைக்கே பாக்க ஆரம்பிச்சிருப்போம்."

மார்ச் 12

மகள் தாழ்வாரத்தில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நேற்றிலிருந்து பேசவில்லை. சுவரைப் பார்த்தபடி சொன்னாள்:

"ஒரு சொல்லு எந்த வருஷம் முதல் முதலா வந்துச்சுன்னு தேடித் தேடித் தேதி எழுதுவீங்க. அம்மாவுக்கு எப்ப வலிச்சுதுன்னு மட்டும் உங்களுக்குத் தெரியாது. இல்லப்பா?"

தெரியும் என்றேன். பத்து இருபது என்றேன்.

எழுந்து போய்விட்டாள்.

மார்ச் 14

பேச்சு இல்லை. வலது பக்கம் அசைவு இல்லை. விழுங்குகிறாள்.

மார்ச் 23

அகராதிக்காரர்களுக்குக் கடிதம் எழுதினேன். 'எம்' எழுத்தை வேறு யாராவது முடிக்கட்டும். சீட்டுகளைக் கட்டித் திருப்பி அனுப்பினேன். அந்த அரக்னாய்டு சீட்டையும் சேர்த்து.

ஏப்ரல் 27, திங்கள்

வீட்டுக்கு வந்து பதினெட்டு நாள். கட்டிலை முன்னறையில் போட்டிருக்கிறோம். இடது கை வேலை செய்கிறது. கேட்டால் விரலை அழுத்துகிறாள். ஒரு முறை என்றால் ஆமாம், இரண்டு என்றால் இல்லை. உடம்பு துடைப்பது, புரட்டிப் படுக்க வைப்பது, மருந்து எல்லாம் என் பொறுப்பு. வேலைக்குப் போகும் முன் மகள் வந்து பார்த்துவிட்டுப் போகிறாள். என்னிடம் தேவையானதை மட்டும் பேசுகிறாள்.

இன்றும் வந்தாள். காலை மாத்திரை எத்தனை மணிக்குக் கொடுத்தேன் என்று கேட்டாள். எட்டு நாற்பது என்றேன். எட்டு மணிக்குக் கொடுத்திருக்க வேண்டியது. அசந்து தூங்கிவிட்டேன், அதையும் சொன்னேன். சரி என்று நோட்டில் எழுதிக்கொண்டாள்.

பிறகு கட்டிலருகே போய்க் குனிந்து, அம்மாவின் இடது கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். குரலைத் தாழ்த்தித்தான் கேட்டாள். எனக்குக் காது நன்றாகக் கேட்கிறது.

"அப்பா குடுத்தாராம்மா?"

அவள் மகளைப் பார்க்கவில்லை. நான் நின்ற பக்கம் பார்த்தாள். ஒரு முறை அழுத்தினாள்.