யார் பிளாக் செய்தது?

ஏங்க,

லேப்டாப்பில் வைஃபை வரவில்லை. எட்டு மணியிலிருந்து உங்கள் லினக்ஸோடு மல்லுக்கட்டி ஓய்ந்துவிட்டேன். பத்து மணிக்குக் கணக்கு வகுப்பு, பதினாலு பிள்ளைகள் ஆன்லைனில் காத்திருப்பார்கள். தங்கச்சி வீட்டுக்குப் போய் எடுக்கிறேன்.

ரூட்டரை மூன்று தடவை அணைத்துப் போட்டேன். என் போனில் நெட் நன்றாகவே வருகிறது. நீங்கள் சுவரில் ஒட்டியிருக்கும் கட்டளைகளை ஓர் எழுத்துப் பிசகாமல் அடித்தேன். வைஃபைக்கான டிரைவர் இருக்கிறதாம், கார்டும் இருக்கிறதாம், ஆனால் பிளாக் ஆகியிருக்கிறதாம். யார் செய்தது என்று மட்டும் சொல்லாதாம். இந்த வீட்டில் மூன்று நாளாக இன்னொருவரும் அப்படித்தான், வாயே திறப்பதில்லை.

"பழைய லேப்டாப்தானே, லினக்ஸ் போட்டா பறக்கும்"னு சொன்னது யாரு? பறந்தேவிட்டது.

சோறு மேசையில் மூடியிருக்கிறது. குழம்பைச் சூடு பண்ணிக்கொள்ளுங்கள்.

பி.கு: லேப்டாப்பைப் பையில் வைக்கும்போதுதான் பார்த்தேன். பக்கவாட்டில் வைஃபைக்கென்றே ஒரு குட்டி ஸ்விட்ச், ஆஃபில் கிடந்தது. தள்ளியதும் நெட் வந்துவிட்டது. நேற்றுச் சாயங்காலம், யாரும் கேட்காமலே, லேப்டாப்பை மூலைமுடுக்கெல்லாம் துணி விட்டுத் துடைத்தீர்களே, அப்போது நகர்ந்திருக்கிறது. சமாதானத்துக்குத்தான் துடைத்தீர்கள் என்று அப்போதே தெரியும்.

தங்கச்சி வீட்டுக்குப் போகவில்லை. உள் அறையில்தான் இருக்கிறேன். மேலே எழுதியதைக் கிழிக்கவும் மனசில்லை, படியுங்கள். வகுப்பு பதினொன்றுக்கு முடியும். கதவைத் தட்டி ஒரு வார்த்தை பேசுங்கள். துணியை வெளியிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.