கோடு போட்ட நீலச் சட்டை

19-7-82, திங்கள்

காலையிலிருந்து ஆடிக் காற்று. கொடியில் ஒரு துணி நிற்கவில்லை. பள்ளிக்கு லீவு போட்டேன். மெட்ராஸ் மியூசியத்துப் பெண் ராஜபாளையம் பஸ்ஸில் வந்து இறங்கினாள். சின்னப் பெண்தான். நல்லவேளை, கோயில் தபசுத் திருவிழாக் கூட்டத்துக்கு முன்னால் வந்தாள். அப்புறம் என்றால் லாட்ஜில் இடம் ஏது?

என் வீட்டுக்காரர் வரைந்த நாடகப் படுதா ஒன்றுகூட மிச்சமில்லை என்றேன். தெரியுமாம். அதனால்தான் இவர் புழங்கிய சாமானாவது வேண்டுமாம். கொடுத்தது: நூல் கட்டிய மூக்குக்கண்ணாடி, சவரப் பெட்டி, டீ கிளாஸ், சீப்பு. சீப்பில் இருந்த முடியை எடுக்கப் போனேன். அப்படியே இருக்கட்டும் என்று கையைப் பிடித்துக்கொண்டாள். கல்யாணமான நாளிலிருந்து அந்த முடிக்காகச் சண்டை போட்டவள் நான்.

சுவரில் இருக்கும் இவர் போட்டோவைப் பார்த்தாள். "இந்தச் சட்டை இருக்காம்மா?" கோடு போட்ட நீலச் சட்டை. பிரஷ்ஷைத் துடைத்துத் துடைத்து இடுப்புப் பக்கமெல்லாம் சிவப்பும் பச்சையும்.

இல்லை என்றேன். பொய்.

20-7, செவ்வாய்

துவரம் பருப்பு தீர்ந்தது. மண்ணெண்ணெயும்.

ஏன் பொய் சொன்னேன்? இங்கே எழுதலாம், யார் பார்க்கப் போகிறார்கள். மாசியில், இவருடைய பதினாறாம் நாள் முடிந்ததும், முறைப்படி துணிமணியெல்லாம் சலவைக்கார மாடசாமிக்குக் கொடுத்தாயிற்று. அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு அவர் தினமும் சாயங்காலம் மூட்டையோடு சைக்கிளில் எங்கள் தெரு வழியாகப் போவார். இவருக்கு இருந்த மாதிரியே அகலத் தோள். சன்னலில் நின்றால் முதுகு மட்டும் தெரியும். இவர்தான் டீக்கடைக்குப் போகிறார் என்று நினைத்துக்கொள்வேன். தெருமுக்கு திரும்பும்வரைதான். வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் அதை நம்பித்தான் பொழுது போகிறது.

வெளுக்கிறவர் சட்டையிலேயே கறையா என்று ஊரில் அவரைக் கேலி செய்கிறார்களாம். பாவம்.

சட்டை மாடசாமியிடம் இருப்பதைப் பக்கத்து வீட்டு அம்மாள் அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டாள். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டாள். இன்று சைக்கிள் வரவில்லை. சோறு இறங்கவில்லை.

21-7, புதன்

புழுதி. தலைவலி. நாலாம் வகுப்புக்குக் கணக்குப் பரீட்சை.

சாயங்காலம் மாடசாமியே வீட்டுக்கு வந்தார், வெறும் பனியனோடு. கையில் சட்டை, தேய்த்து மடித்தது. மியூசியத்துப் பெண் பதிலுக்குப் புதுச் சட்டை எடுத்துத் தருகிறாளாம். என்னைக் கேட்காமல் தர மாட்டேன் என்று சொல்லிவிட்டாராம்.

புதுச் சட்டை நல்லதுதானே, கொடுத்துவிடுங்கள் என்றேன்.

தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "டீச்சர், இந்தத் தெருவுல எனக்கு ஒரு வீட்டுச் சலவையும் கிடையாது. நீங்க சன்னல்ல நிக்கியளேன்னுதான் இப்படிச் சுத்திப் போறேன்."

அவர் முன்னாலேயே அழுதுவிட்டேன். சட்டையைப் போட்டுக்கொள்ளச் சொன்னேன். பனியனுக்கு மேலேயே மாட்டிக்கொண்டு சைக்கிளை எடுத்தார். வாசலில் நின்று பார்த்தேன்.

நாளைக் காலை அந்தப் பெண்ணிடம் சொல்ல வேண்டியது: சட்டை இருக்கிறது. தர முடியாது.